திரையில் ஒன்று, வாயில் இரண்டு

ஞாயிறு மாலை

அன்புள்ளவருக்கு,

இங்கு நானும் படகும் நலம். அங்கு நீங்களும் உங்கள் இடது தோளும் எப்படி இருக்கிறீர்கள்? ஈரக்காற்று அடித்தால் எலும்பு ஒட்டிய இடம் குத்துகிறது என்று உங்கள் தங்கையிடம் சொன்னீர்களாம். என்னிடம் சொல்லவில்லை. பரவாயில்லை, வந்து சேர வேண்டிய செய்தி எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது.

போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நம் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடுகிறது. அதிலும் நீங்கள் வேலையிடத்தில், லிப்ட் ஏறி இறங்கும் கிணற்றுக்குள் நின்று பேசினால் பாதி வார்த்தை சுவரோடு போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். சண்டை போடுவதானாலும் இதில் நிதானமாகப் போடலாம்.

நீங்கள் சொன்னபடி படகைப் பார்க்க ஆள் வந்தார். பல் டாக்டர். படகின் பக்கவாட்டை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். சொத்தை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. இந்தப் பலகையெல்லாம் வீட்டுக்காரர் ஒருவரே வளைத்துப் பூட்டினாரா என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம், லிப்ட் மாட்டுகிற வேலை, ஓய்வு நேரத்தில் மூன்று வருஷம் செய்தார் என்றேன். அவர் போடுவது ஒரே ஒரு நிபந்தனை. நான் செய்த வழிகாட்டும் கம்ப்யூட்டரும் நீங்கள் வாங்கி மாட்டிய ஆழமானியும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டுமாம். வரைபடமும் தண்ணீரின் ஆழமும் ஒரே திரையில் தெரிந்தால் அடுத்த ஞாயிறே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

நியாயமான ஆசைதான். நமக்கே இருந்த ஆசை. சுக்கானுக்கு வலப்பக்கம் உங்கள் ஆழமானி, இடப்பக்கம் என் கம்ப்யூட்டர் இருக்கும் ரொட்டி டப்பா. அதற்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு, என் ரிப்பேர் கடையில் கழித்துப்போட்ட பில் மெஷினின் திரை. நடுவில் ஒரு முழம் இடைவெளி. அந்த ஒரு முழத்துக்கு வயர் இழுக்க ஒரு வருஷமாக நமக்கு நேரம் கிடைக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள், சரி என்று நான் சொல்வேன்.

இப்போது விற்பதற்காக அதைச் செய்கிறேன். ஆழமானியின் பின்பக்கக் கேபிளைப் பிரித்தேன். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. நீலமும் சாம்பலும் சும்மா டேப் சுற்றிக் கிடந்தன, அவைதான் பேசும் வயர்கள். நேராகக் கம்ப்யூட்டரில் செருக முடியாது, நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். வாங்கி மாட்டினேன். திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாக ஓடியது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விற்ற கடைக்குப் போன் செய்தால், வீட்டில் ஆம்பளைங்க யாராவது இருந்தால் கொடுங்கள் என்றான் அந்தப் பையன். இருக்கிறார், முப்பதாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறார், கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

எடை மெஷின் பழுது பார்ப்பவளுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா? இரண்டு நாளில் சரியாகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் போன கடிதத்தில் நீங்களே கிளறிவிட்டீர்கள். அந்தப் படகை நினைத்தாலே தோள் வலிக்கிறது, கொடுத்துத் தொலை என்று எழுதியிருந்தீர்கள். தோள் மட்டுமா வலிக்கிறது?

கழிமுகத்தில் மணல்திட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். நீங்கள் முன்னால் நின்று நங்கூரத்தைச் சரிசெய்துகொண்டே, ஆழம் எவ்வளவு என்று கேட்டீர்கள். சுக்கான் என் கையில். இரண்டு மீட்டர் என்றேன். சரி போ என்றீர்கள். அடுத்த நிமிஷம் படகு மணலில் ஏறி நின்றது, நீங்கள் தூக்கியெறியப்பட்டுக் இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் தங்கை, திரையில் ஒன்று என்றுதான் இருந்தது, அண்ணிதான் இரண்டு என்றார்கள் என்று ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்பும் சொன்னாள். உங்கள் கருவிதான் கெட்டுப்போய்விட்டது என்று நான் சொன்னேன். அது கெடவே கெடாது என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம்தான் எட்டு மாதமாக இந்த வீட்டில் என்னோடு குடியிருக்கிறது.

"பாக்காம சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருவேன். பாத்துட்டுப் பொய் சொல்லாத."

நான் பார்த்தேன். அதை மட்டும் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். இதற்கு மேல் இப்போது எழுத மாட்டேன்.

எலும்பு ஒட்டியதும் உங்களை வெளியூருக்குக் கூட்டிப்போன கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டச் சொல்கிறது, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என் யோசனையைக் கேட்டிருந்தீர்கள். யோசனை சொல்கிற இடத்தில் நான் இருக்கிறேனா என்று தெரியவில்லை. அதையும் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட் கொக்கியை வழக்கம்போல இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டே காலை வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


புதன், மதியம், கடையிலிருந்து

அன்புள்ளவருக்கு,

நலம். மேஜையில் மூன்று மெஷின்கள் திறந்தபடி கிடக்கின்றன, ஆனால் இதை முதலில் எழுதாவிட்டால் கை ஓடாது.

இணைப்பு வந்துவிட்டது. நீலமும் சாம்பலும் இடம் மாறியிருந்தன, வயரில் எழுத்துகள் வருகிற வேகத்தையும் தப்பாக வைத்திருந்தேன். இரண்டையும் திருத்தியதும் நொடிக்கு ஒரு வரி சுத்தமாக வந்து விழுந்தது. உங்கள் கருவி என் டப்பாவோடு பேசிய முதல் வார்த்தை மூன்று புள்ளி ஐந்து. தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன். பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வரியில் இரண்டு எண்கள் வருகின்றன. முதலாவது ஆழம். இரண்டாவது எப்போதும் பூஜ்யம். அது எதற்கென்று தெரியவில்லை.

நான் எதையும் எடை போட்டுப் பார்க்காமல் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். தேய்ந்துபோய் ஒதுக்கிய ஒரு கிலோ எடைக்கல் ஒன்றைக் கயிற்றில் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். அதைத் தண்ணீரில் இறக்கினேன். கயிறு நான்கு மீட்டர் சொன்னது. ஆழமானியின் சென்சார் தண்ணீருக்குள் அரை மீட்டர் கீழே இருக்கிறது, அதைக் கழித்தால் மூன்றரை. ஆழமானியும் மூன்றரை. கச்சிதம். பல் டாக்டருக்குச் சந்தோஷமான செய்தி.

நான்தான் நம்பாமல் கயிற்றை மறுபடி இரண்டு தடவை இறக்கிப் பார்த்தேன். ஏன் என்று அடுத்து எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மாட்டிய பிறகு எப்போதாவது அந்த ஆழமானிக்குள் ஏதாவது மாற்றினீர்களா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை போதும். தபாலுக்குக் காத்திருக்க முடியாது, இதைப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறேன். பதிலுக்குக் கடிதம் வேண்டாம், போன் செய்யுங்கள்.

உங்கள் மனைவி


ஞாயிறு, காலை

அன்புள்ளவருக்கு,

வியாழக்கிழமை போன் செய்தீர்கள். ஒரு வார்த்தை கேட்டேன், இரண்டு வார்த்தை சொன்னீர்கள். கிளறாதே, கொடுத்துவிடு. எனக்கு வேண்டிய வார்த்தை அதில் இல்லை. உங்கள் குரல் மட்டும் ஏதோ ஒன்றின் மேல் கால் வைக்காமல் தாண்டிப் போனது. பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிற குரல், தெரியாதா?

கிளறவில்லை. அதுவாகவே வந்தது. பல் டாக்டர் வெள்ளிக்கிழமை போன் செய்து, ஆழமானியின் கையேடு இருக்கிறதா என்று கேட்டார். படகின் இருக்கையைத் தூக்கினேன், கீழே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. இரண்டாவது எண் என்ன என்று பார்ப்பதற்காகப் பக்கங்களைப் புரட்டினேன். அதற்குப் பெயர் திருத்தம், அதற்கென்றே ஒரு பக்கம். அங்கே எவ்வளவு போட்டு வைக்கிறோமோ அதைக் கழித்துவிட்டு ஆழத்தைக் காட்டுமாம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் உங்கள் சாய்ந்த கையெழுத்து, பென்சிலில்.

மேலே, படகை முதன்முதலில் தண்ணீரில் இறக்கியதற்கு மறுநாள் தேதி போட்டு, "ஒரு மீட்டர் கழித்தாயிற்று. அவள் கை பழகும் வரை இருக்கட்டும்." கீழே இன்னொரு தேதி. மணலில் ஏறிய ஞாயிற்றுக்கு முந்தைய வியாழன். "திட்டு ஓரத்தில் திரை அரை மீட்டர் காட்டியபோதும் பதறவில்லை. தண்ணீரைப் பார்த்தே ஓட்டுகிறாள். கை வந்துவிட்டது. திருத்தம் பூஜ்யம்."

கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இதை மறைப்பானேன். நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று நீங்கள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அதை எழுதி இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள்.

லிப்டில் ஆறு பேர் என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டு பேரைத் தாங்குகிற கயிற்றைக் கட்டுகிறவர் நீங்கள். உள்ளே ஏறுகிறவரிடம் அதைச் சொல்ல மாட்டீர்கள். சொன்னால் பன்னிரண்டு பேர் ஏறிவிடுவார்கள் என்பது உங்கள் தொழில் கற்றுக்கொடுத்த பயம். அதே புத்தியைக் கொண்டுவந்து என் முன்னால் மாட்டிவிட்டீர்கள். தண்ணீர் இரண்டரை மீட்டர் இருக்கும்போது எனக்கு ஒன்றரை என்று காட்டினால் நான் முன்கூட்டியே பயந்து வேகத்தைக் குறைப்பேன், பத்திரமாக இருப்பேன். உங்கள் மேல் கோபம் வரவேண்டும். வந்தது. அரை மணி நேரம்கூட நிற்கவில்லை, ஏனென்றால் என் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது.

இப்போது அதைச் சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள், கிணற்றுக்குள் நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

அந்த எடைக்கல் கயிறு போன வாரம் செய்ததல்ல. படகு இறங்கிய இரண்டாவது வாரமே செய்தது. நீங்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் ஐந்து இடத்தில் இறக்கிப் பார்த்தேன். சென்சாரின் அரை மீட்டரைக் கழித்த பிறகும், ஐந்திலும் ஆழமானி சரியாக ஒரு மீட்டர் குறைத்துக் காட்டியது. உங்கள் கருவி தப்பு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உங்களிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அதை மாட்டிய அன்று நீங்கள் சட்டை நுனியால் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றது நினைவிருக்கிறதா? அந்த முகத்தைப் பார்த்து, இது கோணல் என்று சொல்ல மனசு வரவில்லை. இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நீங்கள் அறியாத ஒன்று எனக்குத் தெரிந்திருப்பது உள்ளூர இனித்தது. ஒரு வருஷம் அதை ருசித்துக்கொண்டிருந்தேன். திரையில் எது வந்தாலும் மனசுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்வேன். அரை என்றால் ஒன்றரை, ஒன்று என்றால் இரண்டு. திட்டு ஓரத்தில் நான் பதறாமல் போனேனே, அது கை வந்ததால் இல்லை, வெறும் மனக்கணக்கு. அதைத்தான் நீங்கள் கைப்பழக்கம் என்று எழுதி, உங்கள் ஒரு மீட்டரை எடுத்துவிட்டீர்கள். என் ஒரு மீட்டரை நான் எடுக்கவில்லை.

அன்றைக்குத் திரையில் ஒன்று என்றுதான் இருந்தது. உங்கள் தங்கை சொன்னது உண்மை. நான் பார்த்தேன், ஒன்றைக் கூட்டினேன், இரண்டு என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் பார்த்ததைச் சொல்லவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். உங்கள் கருவி ஒரு வருஷமாகத் தப்பு, நான்தான் சமாளித்துக்கொண்டிருந்தேன் என்று, கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற ஆளிடம் எப்படிச் சொல்வது? நீங்களும் சொல்லியிருக்கலாம். நானே மூன்று நாளைக்கு முன்புதான் அதை மாற்றினேன் என்று. சொன்னால் ஒரு வருஷம் எனக்குப் பொய்க் கணக்குக் காட்டியதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே. ஆளுக்குப் பாதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பொய்யர் என்று நினைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டிவிட்டோம்.

எடை மெஷின் கோணலாக இருந்தால் கடைக்காரர்களிடம் நான் என்ன சொல்வேன் தெரியுமா? மனசுக்குள் கூட்டிக் கழித்து வியாபாரம் செய்யாதீர்கள், மெஷின் மேல் சீட்டு எழுதி ஒட்டுங்கள், இல்லையென்றால் மெஷினைச் சரிசெய்யுங்கள் என்பேன். யாராவது கேட்காவிட்டால் கத்துவேன். ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம். உங்கள் எலும்பு முறிந்ததில் என் பங்கு அதுதான். மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த வார்த்தையை அன்றைக்கே சொல்லாததற்கும் சேர்த்து.

நேற்று உங்கள் தங்கையை வரச்சொல்லி, கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். என் கதையையும் சொன்னேன். என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள், அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, நீங்க ரெண்டு பேரும் என்னை நடுவுல உக்கார வச்சுட்டு ஆளுக்கொரு கணக்குப் போட்டிருக்கீங்க, நான்தான் பைத்தியக்காரி மாதிரி கண்ணுல பட்டதைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன் அண்ணி, என்றாள். இருவரும் சிரித்தோம். அப்புறம் அவளே கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். துறை நெடுக ஒன்பது இடத்தில் எடைக்கல்லை இறக்கினோம். அவள் கயிற்றைப் படித்துச் சொன்னாள், நான் திரையைப் படித்துச் சொன்னேன், தாளில் எழுதினோம். அரை மீட்டரைக் கழித்தால் ஒன்பதும் பொருந்துகின்றன. உங்கள் கருவி நல்ல கருவி. அது கெட்டது என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பல் டாக்டர் இன்று காலையில் வந்தார். வரைபடமும் ஆழமும் ஒரே திரையில் தெரிவதைப் பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். இன்னும் முடியவில்லை, ஒரு எண் பாக்கி இருக்கிறது, அதைப் போட வேண்டியவர் ஊரில் இல்லை என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார். தெரியாது என்றேன். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, வேறு படகு பார்த்துக்கொள்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். திட்டுவதானால் நேரில் திட்டுங்கள்.

நான் சொன்னது சாக்கு இல்லை. என் கம்ப்யூட்டரிலும் திருத்தம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. சென்சாருக்குக் கீழே படகின் அடிக்கட்டை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து அதில் போட வேண்டும். அளந்துவிட்டேன், இரண்டு சாண். தாளில் எழுதி ஒட்டியும் இருக்கிறேன். ஆனால் கட்டத்தை நிரப்பவில்லை. அதை நீங்களும் நானும் சேர்ந்து உட்கார்ந்து, இரண்டு பேரும் பார்க்கப் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டது போதும்.

ஒப்பந்தத்துக்கு யோசனை கேட்டிருந்தீர்கள். என் யோசனை, கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் இல்லாமல் இந்த வீடு எனக்குப் பெரிதாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று போனில் சொன்னதெல்லாம் ஒன்றைக் கூட்டிச் சொன்னது. உங்கள் பக்கத்திலும் சாப்பாடு பரவாயில்லை, தோள் பரவாயில்லை என்று எவ்வளவு கழித்துச் சொல்கிறீர்களோ, எனக்கு எப்படித் தெரியும்?

வாருங்கள். கடல் அமைதியாக இருக்கும் ஒரு காலையில் அதே மணல்திட்டுப் பக்கம் போவோம். நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆழம் எவ்வளவு என்று கேளுங்கள். திரையில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்கிறேன். திரும்பிப் பார்க்காமல் இருக்க உங்களால் முடியுமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

எதையும் கூட்டாமல் எழுதிய,
உங்கள் மனைவி